கீழ் ஸ்டோரின் பச்சைப் புள்ளி

அக்கா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்டியில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்காத தமிழ்ப் பெண்ணைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அக்கா கேட்க மாட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என் குசினி ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தால் நான் சமைத்துவிட்டேன். படியாமல் இருந்தால் சற்று நேரத்தில் மதில்மேல் ஒரு கோப்பை மூடியபடி இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று நான்தான் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹந்தானை மலைக்கு ஏறும் பாதையில், அக்காவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் சில வருடங்கள் வாடகைக்கு இருந்தேன். டவுனில் ஒரு கம்பனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. சொந்த ஊர் கலஹாப் பக்கம். இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஆனால் வந்த முதல் மாதத்திலேயே, "தம்பி லீவுக்கு ஊருக்குப் போறப்ப பேராதனையில பஸ் மாறணுமே, நேரத்தோட கெளம்புங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். கேட்காதவர் என்பது மட்டுமல்ல, கேட்டால் பதில் சொல்லாதவரும்கூட.

அவருக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. கணவர் இல்லை. ஒரே மகன் டோஹாவில். நல்ல உயரம், எப்போதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்த நடை, எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டே போகிறவர் போல. குழாய் திருத்த வந்தவன் வேலை முடிந்தது என்றால், குழாயைத் திறந்து பார்க்க மாட்டார். அவனுடைய ஸ்பேனர் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார். எனக்கு ஒரு முறை மஞ்சள் காமாலை வந்தது. எனக்கே அது தெரியாது. மதிலோரமாக வந்து என் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். பின்னேரம் வாசலில் ஒரு குலை செவ்விளநீர் கிடந்தது. அதன் பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

"கேட்டா மனுசன் பொய் சொல்லுவான் தம்பி. பாத்தா தெரிஞ்சிரும்" என்பார். வேதவாக்கு மாதிரி இல்லை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்வார்.

அக்காவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவரும் அதே வளவுக்குள்தான் இருந்தார், ஆனால் அதே வீட்டில் இல்லை. அவர்களுடைய அப்பா டவுனில் கடை வைத்திருந்த காலத்தில் சாமான் அடுக்க ஒரு கட்டடம் கட்டியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கும் இடத்தில், நீளமான படிக்கட்டுக்கு அடியில் இருந்தது அது. கடை போய்விட்டது, கட்டடத்தின் பெயர் மட்டும் கீழ் ஸ்டோர் என்று நின்றுவிட்டது. அண்ணன் கல்யாணம் செய்யாதவர், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு அலுமாரி, ஒரு டீவி என்று அந்தக் கீழ் ஸ்டோரில் குடியிருந்தார்.

அவர் ஏன் அங்கே போனார் என்பது அந்தப் பாதையில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய அம்மா இறந்த அன்று, சாவு வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும்போது, அண்ணன் தங்கையைப் பார்த்து, "காலையில அம்மாவுக்கு பிரஷர் மருந்து குடுத்தியா?" என்று கேட்டாராம். அக்கா பதில் சொல்லவில்லை. கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இல்லை, மறந்துவிட்டேன் என்று அழுதிருந்தாலும் மன்னித்திருப்பார். அக்கா சும்மா நின்றார். கருமாதி முடிந்ததும் அண்ணன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லையே தவிர சாப்பாடு இருந்தது. இரண்டு வேளையும் அக்கா ஒரு சாப்பாட்டுக் கெரியரில் போட்டு, படிக்கட்டின் பாதியில் இருக்கும் சிமெந்துக் கட்டின்மேல் வைத்துவிட்டு வருவார். அந்தக் கட்டைத் தாண்டி ஒரு படி இறங்க மாட்டார். அண்ணன் ஏறி வந்து எடுத்துக்கொள்வார். கழுவின கெரியர் அதே கட்டுக்கு வந்து சேரும். அக்கா அதைத் திறந்து மோந்து பார்ப்பார். சம்பல் அப்படியே திரும்பி வந்திருந்தால் அண்ணனுக்கு வயிறு சரியில்லை, மறுநாள் கஞ்சி போகும். கெரியர் சரியாகக் கழுவப்படாமல் வந்தால் கைவலி. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி கூட இவ்வளவு நுணுக்கமாக ஒருவரை ஒருவர் கவனிக்க மாட்டார்கள்.

டோஹா மகன் தாய்மாமனோடு தினமும் வீடியோவில் பேச ஆசைப்பட்டான். மாமாவின் போனில் டேட்டா நிற்காது. அதனால் வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டைக் கீழே கொண்டுபோக ஏற்பாடு செய்தான். ஆட்கள் வந்து, மேல் வீட்டுக் கூரையில் ஒரு வெள்ளைப் பெட்டியும் கீழ் ஸ்டோர் கூரையில் அதே மாதிரி இன்னொன்றும், ஒன்றையொன்று பார்த்தபடி பூட்டிவிட்டுப் போனார்கள். நடுவில் கம்பி கிடையாது, காற்றிலேயே பேசிக்கொள்ளும். பேசாத இருவரின் வீட்டுக் கூரைகள் பேசிக்கொள்வது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மகன் அக்காவின் போனில் ஒரு திரையையும் வைத்துக் கொடுத்திருந்தான். அதில் இரண்டு புள்ளிகள், மேல் பெட்டி, கீழ் பெட்டி. இணைப்பு இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. கீழே எவ்வளவு இன்டர்நெட் பாவிக்கிறார்கள் என்று ஒரு கோடும் மேடு பள்ளமாக ஓடும். மகன் இதை எதற்கு வைத்துக் கொடுத்தானோ, அக்கா அதை இன்னொரு கெரியராக்கிக்கொண்டார். வெங்காயம் உரிக்கும்போதும் போன் பக்கத்தில் இருக்கும்.

"மகன்கிட்டயே கேக்கலாமே அக்கா, மாமா எப்படி இருக்காருன்னு" என்றேன் ஒரு நாள்.

"நல்லா இருக்காருன்னுதான் சொல்லுவான்" என்றார்.

கோளாறு மழைக்கு முந்திய இடிக் காலத்தில் தொடங்கியது. பின்னேரமானால் கீழ்ப் புள்ளி சிவப்பாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பச்சையாகும். அக்கா மதிலோரம் வந்து போனை நீட்டுவார். "செவப்பாயிருச்சு தம்பி." அவ்வளவுதான். வந்து பாருங்கள் என்று சொல்ல மாட்டார். பார்க்காமல் இருக்க என்னாலும் முடியாது, அது என் தொழில் வியாதி.

முதலில் பலா மரத்தைச் சந்தேகப்பட்டேன். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு கிளை நீண்டிருந்தது. ஈரமான இலை இந்த அலைகளைக் குடித்துவிடும். ஆள் பிடித்து அந்தக் கிளையை வெட்டினோம். மறுநாளும் சிவப்பு. கூரையில் ஏறி வயர் சேரும் இடத்தைப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, எறும்புதான் கூடு கட்டியிருந்தது. எறும்பைத் துரத்தினேன், என்னைக் கடித்துவிட்டுப் போனது. மறுநாளும் சிவப்பு. மேலே உள்ள போர்டிங் வீட்டுப் பையன்களின் வைஃபை குறுக்கே வருகிறதோ என்று சேனலை மாற்றினேன். மேல் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரைக் கீழும், கீழே இருப்பதை மேலும் மாற்றிப் போட்டேன். இந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. ஆகவே இழுத்துக்கொண்டே போனது. லீவு நாளில் நான் ஏணியோடு போகும்போதெல்லாம் வெயில் அடிக்கும், புள்ளி பச்சையாக நிற்கும். நான் வேலையில் இருக்கும் நாட்களில்தான் சிவப்பாகும்.

ஒவ்வொரு முறையும் கீழ் ஸ்டோருக்குள்ளும் போக வேண்டியிருந்தது. அண்ணன் தங்கைக்கு நேர் எதிர். கேள்விகளால் செய்த மனிதர். "தம்பிக்கு எந்தத் தோட்டம்? அப்பா இருக்காரா? சம்பளம் எவ்வளவு குடுக்கிறாங்க? ஏன் இன்னும் கல்யாணம் முடிக்கல, யாரும் இருக்காங்களா?" பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வரும். நடுவில் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றித் தருவார், கருப்பட்டித் துண்டோடு. அக்காவைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பேச்சில், பின்னேரம் இங்கே என்ன நடக்கிறது என்ற ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பௌர்ணமிப் போயா லீவு அன்று அது தெரிந்தது. அலுமாரிக்குப் பின்னால் குனிந்து, கூரைப் பெட்டியிலிருந்து இறங்கும் வயரைத் தடவிக்கொண்டிருந்தேன். ஹந்தானைப் பக்கம் இடி உருண்டது. அண்ணன் ஊரில் இருக்கும் என் சொந்த அக்காளின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கேள்வியைப் பாதியில் விட்டு எழுந்தார். டீவி பிளக்கைக் கழட்டினார். தண்ணீர் கொதிக்கும் கேத்தல் பிளக்கைக் கழட்டினார். என்னை விலகச் சொல்லி, குனிந்து, பெட்டிக்குக் கரண்ட் போகும் பிளக்கையும் கழட்டினார். பிறகு வந்து உட்கார்ந்து, "எத்தனை பிள்ளைங்கன்னு சொன்னீங்க?" என்றார்.

மலையடிவாரத்தில் வளர்ந்தவனுக்கு இது தோன்றாமல் போனதை என்னவென்று சொல்ல. எங்கள் வீட்டிலும் இடி இடித்தால் முதல் வேலை அதுதான். ஏறி வந்து அக்காவிடம் சொன்னேன். கோளாறு ஒன்றும் இல்லை, இடி இடித்தால் அவர் பிளக்கைக் கழட்டுகிறார், நின்றால் மாட்டுகிறார்.

"தெரியும்" என்றார் அக்கா.

"தெரிஞ்சா ஏங்க்கா என்னைய ஏணி ஏத்தி விட்டீங்க?"

அவர் பதில் சொல்ல மாட்டார் என்று தெரிந்தும் கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார், கருப்பட்டி பிசுபிசுப்பு இன்னும் விரலில் இருந்தது.

"டீ ஊத்தித் தர்றாரு. கை நடுங்காம ஊத்துறாரு, ஒங்க சட்டையில சிந்தல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் பெட்டியைப் பார்க்கப் போனேன். அக்கா, போய் வந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறுக்கவில்லை. கிளை வெட்டினது, எறும்புக் கடி வாங்கினது எல்லாம் ஒரு பிளேன்டீயை மோந்து பார்க்கவா என்று இருந்தது. அந்தக் கோபம் நீடிக்கவில்லை. அவரிடம் நீடித்துக் கோபப்பட்டவர் ஒரே ஒருவர்தான், அவர் கீழே இருந்தார்.

தொழில் கௌரவம் விடவில்லை. மின்னல் தாங்கும் பிளக் ஒன்று வாங்கி மாட்டிவிடுகிறேன், அவர் கழட்ட வேண்டியதே இருக்காது என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். அன்று அவர் பேசியதுதான் அவர் வாயிலிருந்து நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு.

"இருக்கட்டும் தம்பி. செவப்பானா அண்ணன் எந்திரிச்சு, நடந்து போயி, குனிஞ்சிருக்காருன்னு அர்த்தம். திரும்ப பச்சையானா இன்னொருக்கா குனிஞ்சிருக்காரு. சும்மா பச்சையாவே இருந்தா பெட்டி நல்லா இருக்குன்னு மட்டுந்தான் தெரியும்."

அதற்குப் பிறகு நான் ஏணி எடுக்கவில்லை. புள்ளி சிவப்பாவதும் பச்சையாவதும் எனக்கும் பழகிவிட்டது. இடி கேட்டால் அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனைக் கையில் எடுப்பார். சிவப்பானதும் கீழே வைத்துவிட்டு அடுப்பைக் கூட்டுவார். ஒருவிதத்தில் அந்த வீட்டில் இடிக் காலம்தான் நிம்மதியான காலம். வெயில் நாட்களில் அக்கா கொஞ்சம் சிடுசிடுப்பாக இருப்பார்.

அடுத்த வருடத்து இடிக் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். நான் வெளியே கதிரை போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹந்தானை உச்சி கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது, கிட்டத்தில். அக்கா மதிலோரம் வந்து போனை நீட்டினார்.

"பச்சையாவே இருக்கு."

"நல்லதுதானேக்கா" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டேன். சொல்லி வாய் மூடுவதற்குள் விளங்கிவிட்டது. நிமிர்ந்தபோது அக்கா மதிலருகில் இல்லை. படிக்கட்டில் செருப்பில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தார். கெரியர் வைக்கும் கட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார். நான் மதில் ஏறிக் குதித்து ஓடினேன்.

டீவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கதிரைக்கும் கட்டிலுக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்த்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஏன் பிளக்க கழட்டல? இடி இடிக்குதில்ல? ஏண்ணே கழட்டல?"

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி அது. பதில் வராது என்று தெரிந்தே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

போர்டிங் பையன்கள் ஓடி வந்தார்கள். அண்ணனைக் கதிரையில் உட்கார்த்தித் தூக்கிப் படியேற்றினோம். மழை பிடித்துக்கொண்டது. த்ரீவீலரில் அக்காவும் ஒரு பையனும் ஏறி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். "ஸ்டோர பூட்டிட்டு வாங்க தம்பி" என்றார் அக்கா. நான் திரும்பவும் கீழே போனேன். டீவியை நிறுத்தினேன். வெளிச்சத்தை அணைத்தேன். அலுமாரிக்குப் பின்னால் பெட்டி அடாப்டரின் சின்ன விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. இடி இன்னும் விடவில்லை. எதையும் கழட்ட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது, ஓர் இளம் பெண் டாக்டர் அக்காவிடம் சிங்களம் கலந்த தமிழில் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது இப்படி ஆனது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார். அந்த நேரம் தெரிந்தால்தான் மூளையில் இரத்த அடைப்பைக் கரைக்கும் ஓர் ஊசி போட முடியும், நேரம் கடந்திருந்தால் போடவே கூடாது என்றார். தனியாக இருந்தவர், யாருக்குத் தெரியும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா போனைத் திறந்து அந்த மேடு பள்ளக் கோட்டைக் காட்டினார்.

"இது மகனோட பேசினது. இங்க முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் ஒன்னுமில்ல. மொத இடி இந்த இடத்துல. அப்ப அவரு எந்திரிக்கல. இதுக்கும் இதுக்கும் நடுவுலதான் டாக்டர்."

டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். டோஹாவுக்குப் போன் போட்டு மகனிடமும் ஒரு வார்த்தை விசாரித்தார். மாமா கடைசிவரை தெளிவாகப் பேசினார் என்றான் மகன். உடனே அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள்.

மறுநாள் பார்வை நேரத்தில் நானும் அக்காவும் வார்டுக்குப் போனோம். ஜன்னலோரக் கட்டில். வாய்க்கோணல் குறைந்திருந்தது. வலது கை இன்னும் போர்வைமேல் யாருடைய கையோ போலக் கிடந்தது. இனி நடப்பார், தடி வேண்டியிருக்கும் என்று தாதி சொல்லியிருந்தார். அக்கா வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலோரத்தில் நின்று அவர் நகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பாதி குடித்த கஞ்சிக் கோப்பையைப் பார்த்தார். வெளியே மறுபடியும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கோ தூரத்தில் இடித்தது.

அண்ணன் கண்ணைத் திறந்து தங்கையைத் தேடினார். நாக்கு சரியாகப் புரளவில்லை. ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, ஆனால் அதே பழைய அதிகாரத்தோடு கேட்டார்.

"பிளக்க கழட்டினியா?"

ஸ்டோர் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அந்தக் கதவை நான் பூட்டிய பிறகு யாரும் திறக்கவில்லை என்பது அக்காவுக்கும் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அக்கா நகரவில்லை. குனிந்து, அவருடைய அசைவு வராத கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"கழட்டிட்டேண்ணே" என்றார்.